ஸ்டீவ் கிப்ஸன்: அபாயச் சங்கு ஊதுபவரை எப்படிப் படிப்பது?

கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி எழுதுபவர்களில் ஸ்டீவ் கிப்ஸன் அளவுக்கு நேரெதிர் அபிப்பிராயங்களைச் சம்பாதித்தவர்கள் குறைவு. ஃபயர்வால் என்றால் என்ன என்பதையே இவர் மூலமாகத் தெரிந்துகொண்ட சாதாரண வாசகர்கள் ஒரு பக்கம். பெயரைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்கும் துறைக்காரர்கள் இன்னொரு பக்கம். முதல் கூட்டத்துக்கு அவர் காவல்காரர். இரண்டாவது கூட்டத்துக்குப் பயம் காட்டிக் கடை நடத்துபவர்.

நான் பல வருடங்களாக அவர் எழுதியதையும் பேசியதையும் படித்து வருகிறேன். இரண்டில் ஒரு கட்சியில் சேர எனக்கு இஷ்டமில்லை. ஆனால் 'இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது' என்று மழுப்பவும் முடியாது. அவருடைய பெரிய சர்ச்சைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெளிவாகவே தெரிகிறது. கருவியை வைத்து அளந்து சொன்ன இடங்களில் அவர் பெரும்பாலும் சரி. இதை ஏன் செய்தார்கள், இனி என்ன ஆகும் என்று சொல்லப் போன இடங்களில்தான் சறுக்கியிருக்கிறார். அந்தக் கோட்டைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப் போகிறேன்.

டிஸ்க்கில் தொடங்கியவர்

கிப்ஸன் 1955-ல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்தவர். ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு லைட் பென் செய்து விற்றார். 1985-ல் கலிஃபோர்னியாவில் கிப்ஸன் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற சின்ன நிறுவனத்தை ஆரம்பித்தார். இன்ஃபோவேர்ல்ட் பத்திரிகையில் பல வருடம் பத்தி எழுதினார். எல்லாவற்றையும் அசெம்பிளி மொழியில் எழுதும் பிடிவாதக்காரர். பைட் கணக்குப் பார்த்து மெமரியைச் செலவழித்த காலத்தின் மனிதர்.

அவருக்குச் சோறு போட்டது, இன்றும் போடுவது, ஸ்பின்ரைட். 1980களின் கடைசியில் வந்த மென்பொருள். அது தீர்த்த பிரச்சினையைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம்.

அந்தக் கால ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும். ஒரு செக்டரைப் படித்து முடித்து அந்தத் தரவைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதற்குள் அடுத்த செக்டர் தலைக்கு அடியில் கடந்து போய்விடும். அதைப் பிடிக்க இன்னொரு முழுச் சுற்று, அதாவது கிட்டத்தட்ட 17 மில்லி செகண்ட், காத்திருக்க வேண்டும். அதனால் செக்டர்களை அடுத்தடுத்து எண்ணாமல் இடைவெளி விட்டு எண்ணுவார்கள். இதற்கு இன்டர்லீவ் என்று பெயர். இடைவெளி தப்பாகிப் போனால் டிஸ்க் நொண்டியடிக்கும். சரியான இடைவெளி எது என்பது டிஸ்க்கையும் கன்ட்ரோலரையும் கம்ப்யூட்டரையும் பொறுத்தது. ஊகிக்க முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஸ்பின்ரைட் அதை அளந்தது. அப்புறம் உள்ளே இருக்கும் தரவு அழியாமல் ஒவ்வொரு ட்ராக்காகத் திரும்ப ஃபார்மேட் செய்து கொடுத்தது. சும்மா சொல்லக் கூடாது, அழகான வேலை.

பிறகு ஐடிஇ டிஸ்க்குகள் வந்தன. உள்ளே இருக்கும் அமைப்பை டிஸ்க்கே மறைத்துக்கொண்டது, இன்டர்லீவ் தேவையற்றதாகிவிட்டது. ஸ்பின்ரைட் மெல்ல 'படிக்க முடியாத செக்டரைத் திரும்பத் திரும்பப் படித்து மீட்கும்' கருவியாக உருமாறியது. இங்கே விமர்சகர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சாகக் கிடக்கும் டிஸ்க்கை அதே இடத்தில் வைத்து மணிக்கணக்கில் படிக்க வைப்பது ஆபத்து. தரவு மீட்புத் தொழிலில் இருப்பவர்கள் எடுத்த எடுப்பில் டிஸ்க்கின் முழு நகலை எடுத்துவிட்டு, மீதி வேலையை நகலின் மேல்தான் செய்வார்கள். ஸ்பின்ரைட்டின் பயனர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 6.0 பதிப்பு 2004-ல் வந்தது. அடுத்த 6.1 வருவதற்கு 2024 ஆகிவிட்டது. இருபது வருடம்!

1998-ல் ஜிப் டிரைவ்களின் 'க்ளிக் ஆஃப் டெத்' பிரச்சினை வந்தபோதும் அவருடைய நல்ல பக்கம் தெரிந்தது. ஐயோமெகா நிறுவனத்தின் டிரைவ்கள் டிக் டிக் என்று சத்தம் போட்டுச் செத்துக்கொண்டிருந்தன. கிப்ஸன் தோண்டிப் பார்த்து, இது தொற்றக்கூடியது என்று விளக்கினார். சேதமான தலை டிஸ்க்கின் ஓரத்தைக் கிழிக்கும், கிழிந்த டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டால் அதன் தலையும் சேதமாகும். சோதித்துப் பார்க்க இலவசமாக ஒரு நிரலும் கொடுத்தார். இதில் சதி கிதி என்று எதுவும் பேசவில்லை. பொருளைப் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஷீல்ட்ஸ்அப்: கதவைத் தட்டிக் காட்டியவர்

1999-ல் வந்த ஷீல்ட்ஸ்அப் அவரைப் பாதுகாப்பு எழுத்தாளர் ஆக்கியது. அப்போதுதான் வீடுகளில் கேபிள், டிஎஸ்எல் இணைப்புகள் பரவ ஆரம்பித்திருந்தன. இடையில் ரவுட்டர் கிடையாது, விண்டோஸ் 98 நேராக இணையத்தில் உட்கார்ந்திருக்கும். கோப்புகளைப் பகிரும் வசதி 139-ஆம் போர்ட்டில் உலகத்துக்கே திறந்து கிடக்கும். பலருக்கு அது தெரியவே தெரியாது.

இதைப் பற்றி ஆயிரம் கட்டுரை எழுதியிருக்கலாம். கிப்ஸன் ஒரு பொத்தானை வைத்தார். அழுத்தினால் அவருடைய சர்வர் உங்கள் கம்ப்யூட்டரை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து, உங்கள் கம்ப்யூட்டரின் பெயரையும் பகிர்ந்திருக்கும் ஃபோல்டர்களையும் உங்களுக்கே காட்டும். திறந்த போர்ட் சிவப்பு, மூடியது நீலம், பதிலே சொல்லாதது பச்சை. முதல் 1056 போர்ட்களைச் சோதிக்கும். தன் வீட்டுக் கதவு திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்தவன் பூட்டு வாங்காமல் இருப்பானா?

துறைக்காரர்களின் கோபம் அந்தப் பச்சை நிறத்தின் மேல்தான். மூடிய போர்ட்டைத் தட்டினால் கம்ப்யூட்டர் 'இங்கே யாரும் இல்லை' என்று மறுப்பு பாக்கெட் அனுப்பும். அதுதான் முறையான நடத்தை. அந்தப் பதிலையும் அனுப்பாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதை கிப்ஸன் 'ஸ்டெல்த்' என்று அழைத்து, அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த முகவரியில் நிஜமாகவே கம்ப்யூட்டர் இல்லையென்றால், வழியில் இருக்கும் ரவுட்டர் பல நேரங்களில் 'சென்றடைய முடியவில்லை' என்று தகவல் அனுப்பும். ஒரு சத்தமும் வரவில்லை என்றால் அங்கே யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அர்த்தமாகலாம். ஆக, மூடிய போர்ட்டுக்கும் ஸ்டெல்த் போர்ட்டுக்கும் பாதுகாப்பில் வித்தியாசம் சொற்பம். அந்தச் சொற்ப வித்தியாசத்துக்காகப் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் வாசகர் தவித்ததுதான் மிச்சம்.

அளந்தது சரி. அளவுக்குக் கொடுத்த மதிப்பெண்தான் மிகை. இந்த வேறுபாட்டை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரப் போகிறது.

2001: பதின்மூன்று வயதுப் பையனும் ரா சாக்கெட்டும்

2001 மே 4-ஆம் தேதி இரவு கிப்ஸனின் தளம் இணையத்திலிருந்து காணாமல் போனது. 474 விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டி அவருடைய இணைப்பை மூழ்கடித்தன. தாக்கியவர் தனக்கு 13 வயது என்று சொல்லிக்கொண்டார். கிப்ஸன் தன்னைப் போன்றவர்களை 'ஸ்க்ரிப்ட் கிட்டி' என்று கேவலமாகச் சொன்னதாகக் கேள்விப்பட்டதுதான் கோபத்துக்குக் காரணமாம்.

அடுத்து கிப்ஸன் செய்தது, இத்தகைய தாக்குதல்களைப் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்டவற்றில் இன்றும் படிக்கத் தகுந்தது. தாக்கிய நிரலின் ஒரு பிரதியைப் பிடித்தார். அது எந்த ஐஆர்சி அறைக்குப் போய்க் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று கண்டுபிடித்தார். தன்னையும் ஒரு அடிமை நிரல் போல வேஷம் போட்டு உள்ளே போய் ஒட்டுக் கேட்டார். எல்லாவற்றையும் கதை போல எழுதி வைத்தார். 'என் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது, எவன் அதைத் திருடப் போகிறான்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, உன் கம்ப்யூட்டரே ஆயுதம் என்று புரிய வைத்த எழுத்து அது.

அதோடு நிறுத்தியிருந்தால் பெரும் புகழ். ஆனால் அங்கிருந்து விண்டோஸ் எக்ஸ்பிக்குத் தாவினார். அந்த அக்டோபரில் வரவிருந்த எக்ஸ்பியில் முழுமையான ரா சாக்கெட் வசதி இருந்தது. அதாவது ஒரு நிரல் தானே பாக்கெட்டைக் கட்டலாம், அனுப்புநர் முகவரியைப் பொய்யாகவும் போடலாம். வீட்டுப் பயனர்கள் எல்லோரும் எக்ஸ்பியில் அட்மினிஸ்ட்ரேட்டராகவே இயங்கப் போகிறார்கள். ஆகவே அடுத்த தாக்குதலில் மூலத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது, இணையமே நிலைகுலையும் என்று எச்சரித்தார்.

எதிர்த்தரப்பு போட்டுத் தாக்கியது. த ரெஜிஸ்டர் போன்ற தளங்களில் கிண்டல் பறந்தது. கிண்டலை ஒதுக்கிவிட்டு வாதத்தை மட்டும் எடுத்தால் மூன்று விஷயம். ஒன்று, லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் இந்த வசதி எப்போதோ இருக்கிறது, விண்டோஸ் 2000-லும் இருக்கிறது. இரண்டு, கம்ப்யூட்டரை முழுசாகக் கைப்பற்றியவன் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே போட்டுக்கொள்வான், மைக்ரோசாஃப்ட் தயவு அவனுக்குத் தேவையில்லை. மூன்றாவதுதான் முக்கியம். பொய் முகவரியைத் தடுக்க வேண்டிய இடம் இணையச் சேவை நிறுவனத்தின் வாசல். உன் வலையமைப்புக்குச் சொந்தமில்லாத முகவரியோடு பாக்கெட் வெளியே போனால் அங்கேயே மடக்கு. இந்தப் பரிந்துரை 1998-லேயே ஆர்எஃப்சி 2267 ஆக வந்துவிட்டது, 2000-ல் ஆர்எஃப்சி 2827 ஆகப் புதுப்பிக்கப்பட்டது.

யார் ஜெயித்தார்கள்? கிப்ஸன் ரசிகர்கள் இரண்டு சாட்சி சொல்வார்கள். 2003 ஆகஸ்டில் பரவிய ப்ளாஸ்டர் புழு, விண்டோஸ் அப்டேட் தளத்தைத் தாக்கப் பொய் முகவரியோடு பாக்கெட் அனுப்பும்படி எழுதப்பட்டிருந்தது. 2004-ல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில் மைக்ரோசாஃப்டே ரா சாக்கெட் வழியாக டிசிபி தரவு அனுப்புவதைத் தடை செய்தது. 'பார்த்தாயா, அவர் சொன்னது நடந்தது!'

இதை அப்படியே ஏற்க முடியாது. தடை வந்ததும் என்மேப் போன்ற நேர்மையான ஸ்கேனர்கள் ஓடாமல் நின்றன. சீக்கிரமே ஈதர்நெட் மட்டத்தில் பாக்கெட் அனுப்பி அந்தத் தடையைத் தாண்டியும்விட்டன. எதிர்த்தரப்பின் இரண்டாவது வாதம் அப்படியே நிரூபணமானது. அதற்கப்புறம் வந்த பெரிய தாக்குதல்களையும் பாருங்கள். 2016-ல் டின் நிறுவனத்தைச் சாய்த்த மிராய், கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து வைத்திருந்தது. அத்தனை கைவசம் இருக்கும்போது முகவரியை எதற்கு ஒளிக்க வேண்டும்? 2018-ல் கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் கொட்டிய தாக்குதல் பொய் முகவரியை நம்பித்தான் நடந்தது. ஆனால் அதற்குத் தேவைப்பட்டது, வாசலில் வடிகட்டாத வலையமைப்பில் ஒரு சர்வர். வீட்டு விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதாவது பொய் முகவரி பெரிய ஆபத்து என்று சொன்னதில் கிப்ஸன் சரி. அதன் ஊற்றுக்கண் எக்ஸ்பி என்று சொன்னதில் தப்பு. ஆபத்தைச் சரியாகக் கண்டவர் காரணத்தையும் சரியாகக் கண்டிருப்பார் என்று நாம் தன்னிச்சையாக நம்பிவிடுகிறோம். எந்த நிபுணரைப் படித்தாலும் இந்த இடத்தில்தான் வாசகர் உஷாராக இருக்க வேண்டும்.

2006: பிழையா, பின்வாசலா?

இந்தப் பலவீனம் அப்பட்டமாகத் தெரிந்தது டபிள்யூஎம்எஃப் விவகாரத்தில்.

2005 டிசம்பர் கடைசியில் விண்டோஸின் மெட்டாஃபைல் படங்களில் ஒரு மோசமான ஓட்டை வெளியே வந்தது. படத்தைத் திறந்தாலே அதற்குள் இருக்கும் நிரல் ஓடிவிடும். மைக்ரோசாஃப்ட் வழக்கமான தேதிக்குக் காத்திராமல் 2006 ஜனவரி 5-ஆம் தேதி ஒட்டுப் போட்டது. அடுத்த வாரம் கிப்ஸன் தன் பாட்காஸ்டில் ஒரு குண்டு போட்டார். அவர் சோதித்தபோது, படத்திலிருக்கும் குறிப்பிட்ட பதிவின் நீளத்தை 1 என்று, அதாவது அர்த்தமே இல்லாத மதிப்பாக, கொடுத்தால்தான் நிரல் ஓடியது. இப்படி ஒரு விசித்திரமான சாவி தற்செயலாக அமையாது, ஆகவே மைக்ரோசாஃப்டில் யாரோ வேண்டுமென்றே வைத்த பின்வாசல் இது என்று முடிவு கட்டினார்.

பதில் இரண்டு திசையிலிருந்து வந்தது. நீளம் சரியாக இருந்தாலும் ஓட்டை வேலை செய்யும், அந்தப் பதிவு கோப்பில் கடைசியாக இருந்தால்தான் கிப்ஸன் பார்த்த மாதிரி நடக்கும் என்று மைக்ரோசாஃப்ட் விளக்கியது. மார்க் ருஸினோவிச்சும் நிரலைப் பிரித்துப் பார்த்தார். அச்சடிப்பதைப் பாதியில் நிறுத்தப் பழைய விண்டோஸில் வைத்திருந்த ஒரு வசதி, பாதுகாப்பைப் பற்றி யாரும் கவலைப்படாத காலத்து வடிவமைப்பு, அப்படியே தொடர்ந்து வந்திருக்கிறது, பின்வாசல் இல்லை என்பது அவர் முடிவு. அவர் அப்போது மைக்ரோசாஃப்ட் ஊழியர் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவருடைய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது அந்த ஜூலையில்தான்.

இந்த ஒப்பீடு எனக்குப் பிடித்தமானது. ஏனென்றால் இதே ருஸினோவிச்தான் இரண்டு மாதம் முன்பு, 2005 அக்டோபர் 31-ஆம் தேதி, சோனி தன் இசை சிடிக்களில் ரூட்கிட் வைத்து விற்றதை அம்பலப்படுத்தினார். பெரிய நிறுவனம் திருட்டுத்தனம் செய்தது என்று சொல்லத் தயங்காத ஆள். ஆனால் அவர் எழுதிய விதத்தைப் பாருங்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர், மறைக்கும் டிரைவர், அதில் இருக்கும் நிறுவனப் பெயர், அங்கிருந்து சிடி என்று ஒவ்வொரு படியும் வாசகர் கண்முன் நடந்தது. நோக்கம் தானாகத் தெரிந்தது, அவர் கற்பிக்கத் தேவை இருக்கவில்லை. கிப்ஸன் ஒரு சோதனை முடிவிலிருந்து 'இப்படி நடக்கிறது, ஏனென்று தெரியவில்லை' என்ற இடத்தில் நின்றிருக்க வேண்டும். அடுத்த படி இல்லாமலே மாடிக்குத் தாவிவிட்டார்.

பெயர் வைக்கும் ஆசை

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனியாக வேலை செய்பவர்களுக்கு வரும் வியாதி இது. மற்றவர்கள் ஏற்கெனவே போட்ட பாதையைப் பார்க்காமல் புதுப் பாதை வெட்டி, அதற்கு ஒரு படாடோபமான பெயர் வைப்பது. சாதாரண ஸ்கேன் பாக்கெட்டுக்கு 'நானோப்ரோப்' என்று பெயர் வைத்தார். எஸ்ஒய்என் வெள்ளத்தைத் தாங்க அவர் உருவாக்கிய 'ஜெனிஸிஸ்' முறையின் அடிப்படை யோசனை, 1996-லேயே டி.ஜே. பெர்ன்ஸ்டீன் முன்வைத்த எஸ்ஒய்என் குக்கீதான். 2002-ல் தன் தளத்தின் மீது நடந்த பிரதிபலிப்புத் தாக்குதலைப் பற்றி அருமையாக எழுதினார். வெர்ன் பாக்ஸன் அதற்கு முந்தைய வருடமே அந்த வகைத் தாக்குதலை ஆய்வுக் கட்டுரையாக அலசியிருந்தார்.

2013-ல் அறிவித்த எஸ்க்யூஆர்எல் இதன் சோகமான உதாரணம். பாஸ்வேர்டே இல்லாமல், ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிச் சாவி ஜோடி வைத்து உள்ளே நுழையும் முறை. யோசனை நல்லது. பல வருட உழைப்பைக் கொட்டினார். ஆனால் 2019-ல் டபிள்யூ3சி தரமாக வந்த வெப்ஆத்தன் பக்கம்தான் கூகுளும் ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் நின்றன. இன்று நாம் பாஸ்கீ என்று பயன்படுத்துவது அதன் வழி வந்தது. பலர் சேர்ந்து உட்கார்ந்து சண்டை போட்டு ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயத்தை ஒற்றை ஆளாக அசெம்பிளியில் எழுதி முடித்துவிட முடியாது.

விமர்சகர்களுக்கு ஒரு கேள்வி

இவ்வளவு குறை சொன்ன பிறகும் 'போலி' என்ற பட்டத்தை நான் ஏற்கவில்லை. அவரைக் கிண்டல் செய்த நிபுணர்கள் பலர் தொழில்நுட்பத்தில் அவரைவிடச் சரியாக இருந்தார்கள். ஆனால் 1999-ல் விண்டோஸ் 98 வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியருக்கு அவர்கள் என்ன எழுதினார்கள்? ஆர்எஃப்சி எண்ணைக் கொடுத்து, போய்ப் படி என்றார்கள். எளிய மொழியில் நீளமாக எழுதி, அதோடு இலவசச் சோதனையும் கொடுத்த ஆள் அன்று அனேகமாக இவர் ஒருவர்தான். 2000-ல் அவர் வெளியிட்ட ஆப்ட்அவுட், உளவு மென்பொருளைக் கண்டுபிடித்து நீக்கிய ஆரம்பகாலக் கருவிகளில் ஒன்று. வேறொருவரின் நல்ல கருவி வந்ததும் தன்னுடையதை நிறுத்திவிட்டு அதைப் பரிந்துரைத்தார். கடை நடத்துபவர் செய்கிற காரியமா அது?

லியோ லபோர்ட்டோடு சேர்ந்து 2005 ஆகஸ்டில் ஆரம்பித்த 'செக்யூரிட்டி நவ்' பாட்காஸ்ட் 2024-ல் ஆயிரம் எபிசோடைத் தாண்டியது. 999-ஓடு நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தவர் மனசு மாறித் தொடர்கிறார். என் அபிப்பிராயத்தில் அவருடைய உண்மையான சாதனை இதுதான். அதில் பெரும்பாலும் மற்றவர்களின் ஆய்வை எடுத்துவைத்து, பாக்கெட் பாக்கெட்டாகப் பிரித்து, கேட்பவருக்குப் புரிகிற வரைக்கும் விடாமல் விளக்குகிறார். தன் கண்டுபிடிப்பு, தன் பெயர் என்ற பாரம் இல்லாதபோது அவருக்குள் இருக்கும் வாத்தியார் தடையில்லாமல் வேலை செய்கிறார்.

ஆகவே கிப்ஸனை, அவரைப் போன்ற யாரையுமே, படிக்கும்போது நான் செய்வது இதுதான். ஒவ்வொரு பத்தியிலும் இது அளந்ததா, ஊகித்ததா என்று பென்சிலால் ஓரத்தில் ஒரு குறி போடுவேன். 'இந்த போர்ட் திறந்திருக்கிறது' என்பது அளந்தது, உடனே போய் மூடுங்கள். 'இதை வேண்டுமென்றே வைத்தார்கள்' என்பதற்கு இரண்டாவது ஆளின் பதில் வரும்வரை காத்திருங்கள். டபிள்யூஎம்எஃப் விஷயத்தில் அந்தப் பதில் வர ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை.